மைனஸ் 196 டிகிரியில் ஒரு விரல் கிரீஸ்: நகரி வழியாகத் திருப்பதி

திருப்பதிக்குப் போய்விட்டு மலையேறாமல் திரும்பி வந்தேன் என்பதற்காக வீட்டில் இரண்டு நாள் பேச்சு வாங்கினேன். வாங்கிய பேச்சையும் சேர்த்து இந்தப் பயணத்தின் செலவு மொத்தம் ஆயிரத்து நூறு ரூபாய்க்குள் முடிந்தது. பொங்கல் கழிந்த இரண்டாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை, காலையில் கிளம்பி அன்றே திரும்பிய பயணம் இது.

புதிதாக இந்த வலைப்பூவுக்கு வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் இருபத்தெட்டு வருடம் லிஃப்ட் சர்வீஸ் மெக்கானிக்காக இருந்தவன். இப்போது ஓய்வு. கோயில், அருவி, சூரியோதயம் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அவர்கள் நன்றாகவே எழுதுகிறார்கள். நான் மெஷின் பார்க்கப் போகிறவன். போன வருடம் பழைய லிஃப்ட் மோட்டார்கள் பற்றி ஒரு பதிவு போட்டிருந்தேன். அதன் கீழே ஜமுனா என்ற பெண் ஒரு பின்னூட்டம் எழுதினார். திருப்பதியில் ஒரு பொறியியல் கல்லூரியில் முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்கிறாராம். "மைனஸ் 196 டிகிரியில் ஓடும் மோட்டாரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், வாருங்கள்" என்று இருந்தது. நான் பார்த்ததில்லைதான். அதற்குப் பிறகு நாலைந்து மின்னஞ்சல்கள். கடைசி மின்னஞ்சலில் ஒரு வேண்டுகோள்: வரும் வழியில் நகரியில் இறங்கி, ரீவைண்டிங் செய்து தயாராக இருக்கும் மோட்டாரை வாங்கிக்கொண்டு வர முடியுமா? அவருக்கு அன்று காலை ஆய்வுக்கூடத்தைவிட்டு நகர முடியாது.

ஏன் நகர முடியாது என்பதையும் எழுதியிருந்தார். அன்று மதியம் இரண்டரை மணிக்கு வெளியூரிலிருந்து தேர்வாளர் வருகிறார். அவர் முன்னால் அந்த மெஷின் ஓட வேண்டும். முன்பு இரண்டு முறை ஓடவில்லை. மூன்றாம் முறையும் ஓடவில்லை என்றால் ஆறு வருடப் பதிவு காலாவதியாகிவிடும், அறையையும் வேறு துறைக்குக் கொடுத்துவிடுவார்கள். நாலு வரியில் அழுகை புலம்பல் எதுவும் இல்லாமல் இதை எழுதியிருந்தார். எனக்கு அது பிடித்திருந்தது.

சென்னை சென்ட்ரலில் காலை ஆறரை மணி வாக்கில் திருப்பதி ரயில். நகரிக்கு ஏகாம்பரகுப்பத்தில் இறங்க வேண்டும். நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, உட்காரும் வகுப்பில் எழுபது ரூபாய், இரண்டு மணி நேரம். அரக்கோணம் வரை நின்றுகொண்டு போனேன். வெள்ளிக்கிழமை என்றால் இடது பக்கம் வலது பக்கம் எல்லாம் மஞ்சள் வேட்டிதான், முன்பதிவு செய்துகொள்ளுங்கள். திருத்தணி தாண்டியதும் ஸ்டேஷன் பலகையில் தெலுங்கு மேலே ஏறிவிடும், ஆனால் பெட்டிக்குள் கேட்கும் பேச்சு மாறுவதில்லை.

ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ இருபது ரூபாய். நகரியில் எந்தத் தெருவில் இறங்கினாலும் விசைத்தறிச் சத்தம். வாய்ப்பேச்சைவிட அந்தச் சத்தத்துக்குப் பழகியவர்கள் அந்த ஊர்க்காரர்கள், எல்லோரும் அரை சுதி ஏற்றித்தான் பேசுகிறார்கள். மோட்டாருக்குக் கம்பி சுற்றும் தணிகாசலத்தின் கடை பெரிய கடை ஒன்றும் இல்லை. பத்துக்குப் பன்னிரண்டு அறை, வாசலில் குவியலாக விசைத்தறி மோட்டார்கள், உள்ளே சுற்றும் மெஷின், சுவரில் சாமி படங்கள், ஓரத்தில் கிரீஸ் டப்பா. ஆளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். காதில் பென்சில்.

"வாங்க சார், குந்துங்க. இட்லி துன்னீங்களா இல்லியா? ஜமுனாம்மா காலைலேருந்து மூணு வாட்டி போன் பண்ணிடுச்சு, சார் வந்தாரா, சார் வந்தாரான்னு."

"ரயில்ல டீ மட்டும்தான்" என்றேன். எதிர்க் கடையிலிருந்து நாலு இட்லி வரவழைத்துவிட்டார். காசு கொடுக்கப் போனதற்கு முறைத்தார்.

மோட்டார் என் உள்ளங்கை அளவுதான் இருந்தது. ஆனால் வேலைப்பாடு பார்த்தால் கை எடுத்துக் கும்பிடலாம். சாதாரணமாக மோட்டாரைச் சுற்றி முடித்ததும் வார்னிஷில் முக்கிக் காயவைப்போம், அப்போதுதான் கம்பிகள் அசையாமல் இருக்கும். இவர் வார்னிஷே போடவில்லை. ஒவ்வொரு சுருளையும் பருத்தி நூலால் நெருக்கமாகக் கட்டியிருந்தார். தறிக்குப் போகும் பாவு நூல்.

"ஜமுனாம்மா சொல்லிக்கினே இருந்துச்சு சார், வார்னிஷ் வேணாம்ணா, குளிர்ல வெடிச்சுப் போவுதுன்னு. போன வாட்டி நான் கேக்காம கொஞ்சூண்டு போட்டுட்டேன். நெஜமாவே வெடிச்சுப் போச்சு. அப்புறம் ரெண்டு மோட்டாரை நானே கெடுத்துக் கெடுத்துப் பாத்து, நூல் கட்டுனா நிக்குதுன்னு கண்டுபுடிச்சேன். இது ஓடிச்சுன்னா இன்னும் மூணு சுத்தணும், அதுக்குத் தனியா அலமாரி கூட ஒழிச்சு வெச்சிட்டேன், பாருங்க."

பார்த்தேன். அலமாரியில் ஒரு தட்டு துடைத்து, கீழே செய்தித்தாள் விரித்து, காலியாக இருந்தது.

இப்போது கவனமாகப் படியுங்கள், இந்தப் பதிவு எழுதக் காரணமே இதுதான். மோட்டாரைப் பூட்டி முடித்து, தண்டை விரலால் சுழற்றிக் காட்டினார். கரகரவென்று சத்தம். பேரிங் வறண்டு கிடந்தது. ஜமுனா கொடுத்தனுப்பிய பேரிங் அது, புதுசு, ஆனால் உள்ளே பொட்டுக் கிரீஸ் இல்லை.

"பேரிங்கு காஞ்சு கெடக்குது சார். குடுத்தனுப்புனவங்க மறந்துட்டாங்களோ இன்னாவோ. நீங்க மோட்டார் லைன்ல இருந்தவரு. கிரீஸ் வெச்சுக் குடுத்துடட்டுமா?"

இருபத்தெட்டு வருடத்தில் வறண்ட பேரிங்கோடு ஒரு மோட்டாரை நான் மாட்டியதில்லை. என் மேலதிகாரி ஒருவர் வறண்ட பேரிங்கைப் பார்த்தால் அன்றைக்குச் சாப்பாட்டுக்கே விடமாட்டார். "வைங்க, வைங்க. அது இல்லாம எப்படி ஓடும்?" என்றேன். ஒரு விரல் எடுத்து வைத்தார். தண்டு சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றியது. இரண்டு பேருக்கும் திருப்தி. மோட்டாருக்கு ஒரு குங்குமப் பொட்டு வைத்து, துண்டில் சுற்றிக் கொடுத்தார்.

நகரியிலிருந்து திருப்பதிக்குப் பஸ், புத்தூர் வழி, அறுபது கிலோமீட்டருக்குள். தொண்ணூறு ரூபாய், ஒன்றரை மணி நேரம் என்று போட்டிருக்கிறார்கள், எனக்கு ஒன்றே முக்கால் ஆனது. மோட்டாரை மடியிலேயே வைத்திருந்தேன். பதினொன்று ஐந்துக்குத் திருப்பதி பஸ் நிலையம், அங்கிருந்து கல்லூரிக்கு ஆட்டோ நூறு ரூபாய். எண்பது கேட்டுப் பாருங்கள், நான் கேட்கவில்லை.

ஆய்வுக்கூடம் மூன்றாவது மாடி. கீழே லிஃப்ட் வாசலில் ஜமுனா நின்றிருந்தார். முப்பத்தைந்து, முப்பத்தாறு வயது, சுருட்டி மடித்த கை, கழுத்தில் தொங்கும் தடித்த பாதுகாப்புக் கண்ணாடி. பக்கத்தில் இருபது லிட்டர் அலுமினியக் கேன் ஒன்று, பால் கேன் மாதிரி, மூடியோரத்தில் வெள்ளைப் புகை. அதை லிஃப்ட்டுக்குள் தள்ளி, பட்டனை அமுக்கிவிட்டு, வெளியே வந்து கதவு மூட விட்டார்.

"ஏறலையா?" என்றேன்.

"கேன் மட்டும்தான் சார் போகும். நாம படி. உள்ள மாட்டிக்கிட்டா, நைட்ரஜன் ஆவியாகி மூச்சுக்காத்தைத் தள்ளிடும். சத்தமே இல்லாம ஆள் காலி."

வாழ்நாள் முழுக்க லிஃப்ட்டோடு கழித்தவன், சாமானை மட்டும் தனியாக அனுப்பிவிட்டு ஆட்கள் படியேறுவதை அன்றுதான் பார்த்தேன். மேலே போய்ச் சேர்வதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. கேன் நிதானமாக வந்து காத்திருந்தது.

மெஷினைப் பற்றி எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். பெரிய தெர்மாகோல் தொட்டி. அடியில் மோட்டார், தண்டு மேல் நோக்கி. அதைச் சுற்றிக் கறுப்பு வளையம் ஒன்று, பார்க்க ஓட்டுச்சில் மாதிரி இருக்கிறது. அதுதான் மீகடத்தி, ஆங்கிலத்தில் சூப்பர் கண்டக்டர். வெறுமனே இருக்கும்போது அதற்கு ஒரு குணமும் இல்லை. திரவ நைட்ரஜனை ஊற்றி மைனஸ் 196-க்குக் கொண்டுபோனால், மேலே இருக்கும் காந்தத்தை அது அந்தரத்தில் பிடித்துக்கொள்ளும். விழவும் விடாது, விலகவும் விடாது. அந்தக் காந்தத்தை இரண்டு கிலோ பித்தளைச் சக்கரத்துக்கு அடியில் பதித்திருக்கிறார். மோட்டார் சக்கரத்தைச் சுழற்றி வேகம் ஏற்றிக் கொடுத்துவிட்டு, சக்கரத்தோடு கோத்திருக்கும் பல்லை விட்டுக் கீழே இறங்கிவிடும். அதற்குப் பிறகு சக்கரம் எதன்மீதும் படாமல் தானாகச் சுற்ற வேண்டும், பதினைந்து நிமிடம். உராயும் உறுப்பே இல்லாத பேரிங். செயற்கைக்கோளுக்கும் குளிர்த்திரவ பம்புகளுக்கும் இது வேண்டும் என்றார்.

"மோட்டாரை ஏன் உள்ளே முக்கணும்? வெளியே வெச்சு நீளமான தண்டு கொடுக்கலாமே?" என்று கேட்டேன். எனக்கே அது புத்திசாலித்தனமான கேள்வியாகத் தோன்றியது.

"தண்டு வழியா வெளிச் சூடு உள்ள இறங்கிடும் சார். அதுவுமில்லாம குளிர்ல செம்பு எட்டு மடங்கு லேசா கரண்ட்டை விடும். மோட்டார் சூடாகாது. அதுக்கு உள்ளதான் சுகம்."

மோட்டாரை வாங்கி, குங்குமத்தை மட்டும் துடைத்தார். தண்டை விரலால் சுழற்றினார். வழுக்கிக்கொண்டு சுற்றியது. "அண்ணா நல்லா கட்டியிருக்கார்" என்று சொல்லி மாட்டிவிட்டார். நான் கொஞ்சம் பெருமையாகக்கூட நின்றிருந்தேன் என்பதை மறைக்கவில்லை.

சக்கரத்துக்கும் வளையத்துக்கும் நடுவில் மூன்று கேரம் காய்களை வைத்தார். குளிர்வதற்கு முன் என்ன உயரத்தில் காந்தத்தை வைக்கிறோமோ அந்த உயரத்தை மீகடத்தி நினைவில் வைத்துக்கொள்ளுமாம். காய் இதற்கெனவே செய்ததுபோல் எட்டு மில்லிமீட்டர். பிறகு நைட்ரஜன். முதல் டம்ளர் விழுந்ததும் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த சத்தம், தொட்டி முழுக்கப் புகை. சூடான சாமானைக் குளிரவைப்பதற்கே பாதிக் கேன் ஆவியாகிப் போய்விடுகிறது. பன்னிரண்டே முக்காலுக்கு ஜமுனா காய்களை உருவிவிட்டுக் கரண்ட் கொடுத்தார்.

"ம்ம்ம்" என்று ஒரு முனகல். அவ்வளவுதான்.

அந்தச் சத்தம் எனக்கு அத்துப்படி. பிரேக்கை விடாமல் லிஃப்ட் மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்தால் இதே சத்தம்தான் வரும். தண்டு இறுகிக் கிடக்கிறது. ஜமுனா மூன்று முறை கொடுத்துப் பார்த்துவிட்டு ஸ்விட்சை அணைத்தார். "இன்னா இது, இன்னா இது" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார். அதுவரை ஊர் வாடை இல்லாத தமிழில் பேசிக்கொண்டிருந்தவர், அந்த நேரத்தில் தணிகாசலம் மாதிரியே நகரிக்காரி ஆகிவிட்டார்.

குளிர்ந்த மோட்டாரை உடனே திறக்க முடியாது. பனி படியும், உருகித் தண்ணீராகும், அடுத்த முறை அந்தத் தண்ணீரே உறைந்து பூட்டுப் போட்டுவிடும். விடுதியிலிருந்து ஒரு முடி உலர்த்தும் மெஷினை வரவழைத்து நாற்பது நிமிடம் சூடு காட்டினோம். ஒன்றரை மணிக்குத் திறந்தார். பேரிங்குக்குள் மெழுகு மாதிரி ஒன்று இறுகிக் கிடந்தது. நகத்தால் சுரண்டினால் செதிலாக வந்தது. எங்கள் கண் முன்னாலேயே சூட்டில் அது மெல்ல இளகி, பளபளத்து, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றாக மாறியது.

ஜமுனா முகர்ந்து பார்த்தார். போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணா, பேரிங்ல கிரீஸ் வெச்சியா?"

"வெச்சேன்மா. காஞ்சு கெடந்துச்சே."

"அதை நான் அசிட்டோன்ல கழுவிக் கழுவி எடுத்து அனுப்புனேண்ணா! அந்தக் குளிர்ல கிரீஸ் கல்லாயிடும். வறண்டுதான் ஓடணும். யாரைக் கேட்டு வெச்ச?"

பின்னால் தறிச் சத்தம் கேட்டது. நான் மேஜைக்கு இந்தப் பக்கம், அசிட்டோன் பாட்டிலோடு நின்றிருந்தேன்.

"யாரையும் கேக்கலம்மா. கை பழக்கம், வெச்சிட்டேன். தப்புதான்."

அவர் என்னைச் சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. நேரம் இல்லை, இப்போது சொல்லி என்ன பயன், முதலில் வேலை நடக்கட்டும் என்று எனக்குள் நியாயம் கற்பித்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பேரிங்கைக் கழுவிவிடலாம். ஆனால் கேனில் மீதி நாலு லிட்டர்தான், வேண்டியது பத்து. கேஸ் ஏஜென்சி செவ்வாய்க்கிழமைதான் வரும். ஜமுனா சந்திரகிரிக்குப் போன் செய்தார். சித்தூர்ப் பக்கம் மாடு வளர்ப்பு அதிகம். மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவர்களிடம் எப்போதும் திரவ நைட்ரஜன் இருக்கும், காளை வித்துகளை அதில்தான் பாதுகாக்கிறார்கள். அப்படி ஊசி போடுபவர் செங்கல்ராயுலு. முன்பு ஒருமுறை கொடுத்து உதவியவராம். இருக்கிறது, ஆளை அனுப்புங்கள் என்றார். "நான் போறேன்" என்று, ஜமுனா போனை வைப்பதற்குள், நானே சொல்லிவிட்டேன்.

கல்லூரி வாசலிலிருந்து சந்திரகிரி பதினான்கு கிலோமீட்டர். போக வர, காத்திருக்க, ஐநூறு ரூபாய் பேசினேன். ஆட்டோ ஓட்டுநர் பாதி தெலுங்கு பாதி தமிழ். என்ன ஏற்றப் போகிறோம் என்று கேட்டார், சொன்னேன்.

"பேலிபோதுந்தா சார்?" என்றார். வெடித்துவிடுமா என்று கேட்கிறார். எனக்கும் பதில் தெரியவில்லை.

செங்கல்ராயுலு வீட்டு வாசலில் தயாராக நின்றார். ஐம்பது வயது, காக்கிப் பை, பைக்கில் கட்டும் சின்னக் கேன் ஒன்று, பெரிய கேன் ஒன்று. சின்னதற்குள் ஒரு குச்சியை விட்டு எடுத்து, பனி படிந்த அளவைப் பார்த்தார். அது குறைந்தால் உள்ளே இருக்கும் வித்தெல்லாம் வீண். "இது என் மாடுங்களுக்கு, தொட மாட்டேன். பெருசுல பத்து லிட்டர் தேறும், பர்வாலேது" என்றார். ஆனால் கேனை என் கையில் தரவில்லை. தானே தூக்கிக்கொண்டு வந்து ஆட்டோவில் ஏறி, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டார்.

"நீங்க எதுக்கு சிரமப்படணும்?" என்றேன்.

"நீங்க புதுசு சார். மூடியை இறுக்கி வெச்சிட்டீங்கன்னா இது குண்டு. இறுக்காம சாய்ச்சிட்டீங்கன்னா கால் போயிடும்." பிறகு ஓட்டுநரிடம், "இறுக்கல தம்பி, பேலாது. நீ பள்ளம் பாத்துப் போ."

புதுசு என்றதும் சுருக்கென்றது. காலையில் அதே வார்த்தையை நான் தணிகாசலத்திடம் சொல்லியிருக்க வேண்டும்.

மூன்று பத்துக்குத் திரும்பினோம். கேன் லிஃப்ட்டில், நாங்கள் மூவரும் படியில். ஓட்டுநரும் வண்டியைப் பூட்டிவிட்டு வந்துவிட்டார். இரண்டரைக்கு வர வேண்டிய தேர்வாளர் வரவில்லை. காலையில் மலைக்குத் தரிசனத்துக்குப் போனவர் வரிசையில் மாட்டிக்கொண்டார் போலிருக்கிறது. கோயிலுக்குள் போன் கொண்டுபோக முடியாது, எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. பத்து நிமிடத்திலும் வரலாம், ஐந்து மணிக்கும் வரலாம். திருப்பதியில் எந்தக் கூட்டத்தின் நேரமும் இப்படித்தான் என்றார் ஜமுனா. பேரிங் கழுவி, காய்ந்து, மோட்டார் பூட்டித் தயாராக இருந்தது. கேரம் காய்களை வைத்துக்கொண்டே பேசினார். ஒரு காய் இரண்டு முறை நழுவி விழுந்தது. செங்கல்ராயுலு எடுத்துக் கொடுத்தார்.

மூன்று நாற்பதுக்குத் தேர்வாளர் வந்தார். மொட்டைத் தலை, சந்தனம், கையில் லட்டுப் பை. அப்போது தொட்டி பாதி நிறைந்திருந்தது. கொதிப்பு அடங்கியதும் ஜமுனா மூங்கில் இடுக்கியால் காய்களை ஒவ்வொன்றாக உருவினார். சக்கரம் அந்த உயரத்திலேயே நின்றது. தேர்வாளர் சட்டைப் பையிலிருந்து தன் தரிசனச் சீட்டை எடுத்து, சக்கரத்துக்கும் வளையத்துக்கும் நடுவில் இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் வாங்கினார். பிறகு தலையசைத்தார்.

ஜமுனா ஸ்விட்சில் கை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

கரகரவென்று சத்தம் கேட்டது. காலையில் நகரியில் நான் கேட்ட அதே சத்தம். அப்படி ஒரு சத்தத்துக்கு நான் சந்தோஷப்படுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். சக்கரம் மெல்ல நகர்ந்து, வேகம் பிடித்து, பித்தளையில் வெட்டியிருந்த கோடு மறைந்தது. மோட்டார் பல்லை விட்டு இறங்கியது. சத்தம் நின்றது, சக்கரம் நிற்கவில்லை. நாங்கள் ஐந்து பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பதினைந்து நிமிடம் முடிந்தது. ஜமுனா நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். இருபத்திரண்டாவது நிமிடத்தில் தேர்வாளர் "போதும்மா, எனக்கு ரயில் இருக்கிறது" என்றார். "தேவுடா!" என்றார் ஓட்டுநர். செங்கல்ராயுலு மட்டும் தன் காலிக் கேனைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதோடு முடிந்திருந்தால் நான் நல்லபடியாக ஊருக்கு வந்திருப்பேன். தேர்வாளர் பதிவேட்டைக் கேட்டார். முதலில் நடந்த தோல்வியையும் காரணத்தோடு எழுத வேண்டும் என்பது விதி. ஜமுனா எழுத எழுத அவர் படித்தார்.

"மோட்டார் கட்டியவர் கிரீஸ் வைத்தாரா? இந்தச் சின்ன விஷயம் தெரியாதவரா? மிச்சம் மூன்று மோட்டாரை அவரிடம் கொடுக்காதீர்கள். சென்னையில் நல்ல இடம் இருக்கிறது, நான் சொல்கிறேன்."

ஜமுனா பேனாவைப் பிடித்தபடி பதிவேட்டையே பார்த்தார். கையெழுத்துப் போட வேண்டியவர் எதிரே நிற்கிறார், என்ன சொல்ல முடியும்? எனக்கு அந்தத் துடைத்து வைத்த அலமாரித் தட்டு ஞாபகம் வந்தது.

"அவர் கேட்டார். வைக்கச் சொன்னது நான்" என்றேன்.

தேர்வாளர் என்னை அப்போதுதான் பார்த்தார். "நீங்கள் எந்தத் துறை?"

"லிஃப்ட் மெக்கானிக். ரிட்டையர்டு. பயணக் கட்டுரை எழுதுகிறேன்."

ஜமுனாதான் கேட்டார், குரலை உயர்த்தாமல். "அண்ணா போன்ல பேசும்போது நீங்க இங்கதானே சார் நின்னுக்கினு இருந்தீங்க?"

"ஆமாம்மா."

ஜமுனா எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்தார். கீழே எழுதியதை நானும் படித்தேன்: 'பேரிங் வறண்டிருக்க வேண்டும் என்பதை நான் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. தண்டு சத்தமில்லாமல் சுற்றியதைக் கண்டும் திறந்து பார்க்கவில்லை.' தேர்வாளர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சென்னைக் கடையைப் பற்றி மறுபடி பேசவில்லை. ஆளுக்கு ஒரு லட்டுத் துண்டு கொடுத்தார். மலையேறாத குறைக்கு எனக்கும் கிடைத்தது.

நான் கிளம்பும்போது ஜமுனா ஒரு பொட்டலம் கொடுத்தார். கழுவிய பேரிங்குகள் ஆறு, கம்பிச் சுருள் ஒன்று. "அண்ணாகிட்ட குடுத்துடுங்க சார். மூணு மோட்டாருக்கு. எல்லாம் சீட்டுல எழுதி உள்ள வெச்சிருக்கேன். நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், குடுத்தா போதும்." கேலியா கோபமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கும்.

ஐந்தரை பஸ்ஸைப் பிடித்து ஏழே காலுக்கு நகரி வந்தேன். தணிகாசலத்துக்குச் செய்தி முன்பே வந்துவிட்டது. "இருவது நிமிசத்துக்கு மேல ஓடிச்சாமே சார்!" என்று எழுந்து வந்தார். பொட்டலத்தை வாங்கி அந்தத் தட்டில் வைத்தார். நான் கேட்டேன், "காலைல என்னைச் சொல்லியிருக்கலாமே?"

"நீங்க வழியில வந்து போற ஆளு. வெச்ச கை என்னுது. ஒங்களை இழுத்து வுட்டு எனக்கு இன்னா வந்துடப் போவுது? அத்த வுடுங்க சார். நாலு இட்லி சொல்லட்டா?"

மறுத்துவிட்டு ஏகாம்பரகுப்பத்துக்கு ஆட்டோ பிடித்தேன். இரவு ரயில் பன்னிரண்டு நிமிடம் தாமதம்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். கல்லூரி ஆய்வுக்கூடங்களுக்கு முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்காமல் போகாதீர்கள், வாசலோடு திருப்பி அனுப்புவார்கள். சனி, ஞாயிறு வேண்டாம், பஸ்ஸில் ஏற முடியாது. மூடிய காலணி கட்டாயம், செருப்பு ஆகாது. திரவ நைட்ரஜன் ஏற்ற நேர்ந்தால் காரைத் தவிருங்கள், திறந்த ஆட்டோவே மேல். மூடியை இறுக்காதீர்கள், விவரம் தெரிந்தவர் ஒருவர் கேனோடு இருக்கட்டும். கேன் இருக்கும் லிஃப்ட்டில் ஏறவே ஏறாதீர்கள். தேர்வாளரையோ வேறு யாரையோ சந்திக்க நேரம் குறித்திருந்தால், அவர் அன்று தரிசனத்துக்குப் போகிறாரா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நகரியில் இறங்கி மோட்டார் வாங்கிக்கொண்டு போகும் வேலை உங்களுக்கு வராது. வந்தால், அங்கே ஒருவர் தண்டைச் சுழற்றிக் காட்டிவிட்டு, காதில் பென்சிலோடு, கிரீஸ் வைக்கட்டுமா என்று உங்களைக் கேட்பார். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் சரி, "எனக்குத் தெரியாது, ஜமுனாவைக் கேளுங்க" என்று சொல்லுங்கள்.